அரசாணியும் இல்லத்தரசியும்

'அடங்காப்பிடாரி' என்பது நம் இல்லங்களில் வெகு எளிதாகப் புழங்கும் சொல். ஐந்து வயதுச் சிறுமி முதல் அறுபது வயது மாமியார் வரை எந்தப் பெண்ணையும் அச்சொல்லால் சுட்டலாம். ஆணைச் சுட்ட முடியாது. பிடாரி என்பவள் ஊர் எல்லையைக் காக்கும் தெய்வமாகத் தமிழகச் சிற்றூர்களில் வணங்கப்படுபவள். காவல் தெய்வத்தின் பெயர் எவ்வாறு வசையாயிற்று என்பதை மொழியறிஞர்கள் ஆராயட்டும். நாம் எண்ணிப் பார்ப்பது வேறொன்று. அடங்காத ஆணைக் குறிக்க நம்மிடம் என்ன சொற்கள் இருக்கின்றன? சிங்கம் என்கிறோம், காளை என்கிறோம். 'முரட்டுக்காளை' என்று 1980இல் ஒரு திரைப்படத்திற்கே பெயர் சூட்டினார்கள். அங்கே அது வசையன்று, விளம்பரம்.

இந்த ஒற்றைச் சொல்லுக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. செல்வமோ கல்வியோ பதவியோ உடைய பெண் ஒருத்தி, எவருக்கும் பணியாதவள். அவளை அடக்க ஓர் ஆண் வருகிறான். மோதல்கள் நிகழ்கின்றன. இறுதியில் அவள் 'திருந்துகிறாள்'. சுபம். தமிழ்த் திரைப்படம் இக்கதையைச் சலிக்காமல் சொல்லி வந்திருக்கிறது. நாமும் சலிக்காமல் பார்த்து வந்திருக்கிறோம். கேட்டால், 'அது பெண்ணை இழிவுபடுத்தும் கதையன்று, ஆணவத்தைக் கண்டிக்கும் கதை' என்பார்கள். ஆணவம் தலையாய பாவங்களுள் முதலாவது என்று மறைக்கல்வியில் படித்த நமக்கு இவ்விளக்கம் உடனே பிடித்துவிடுகிறது.

விளக்கம் சரிதானா என்று அறிய எளிய வழி ஒன்றுண்டு. கதை தொடங்கும்போது அப்பெண்ணிடம் என்னென்ன இருந்தன என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். கதை முடியும்போது அவை யாரிடம் இருக்கின்றன என்று பார்க்க வேண்டும். ஆணவம் மட்டும் அவளை விட்டுப் போயிருந்தால் அது அறக்கதை. ஆணவத்தோடு சேர்ந்து வேறு சிலவும் கைமாறியிருந்தால் அதற்கு வேறு பெயர்.

இக்கதையின் தமிழ் மூதாதை 'அல்லி அரசாணி மாலை'. புகழேந்திப் புலவர் பெயரால் வழங்கும் கதைப்பாடல் இது. பெரிய எழுத்துப் புத்தகமாக அச்சாகிச் சந்தைகளிலும் திருவிழாக் கடைகளிலும் விற்றது. மதுரையை ஆண்ட அல்லி போர்க்கலை பயின்றவள். நீண்முகனை வென்று அரியணை ஏறியவள். பெண்களைக் கொண்டே ஆட்சி நடத்தியவள். அவள்மீது காதல் கொண்ட அர்ச்சுனனை அவள் ஏற்கவில்லை. வில்லுக்கு விசயன் எனப் பெயர் பெற்றவன் என்ன செய்கிறான்? கண்ணனின் சூழ்ச்சியால் பாம்பு வடிவில் அவளது பள்ளியறை புகுகிறான். அவள் உறங்கும்போது தாலி கட்டுகிறான்.

இப்பாடலைப் படிக்கும்போது நமக்கு வியப்பளிப்பது அதன் நேர்மை. கதைசொல்லி அர்ச்சுனன் பக்கம் நிற்கிறான் என்பது உண்மை. ஆயினும் நிகழ்ந்தது வஞ்சனை என்பதை அவன் மறைக்கவில்லை. அல்லி போரில் தோற்றாள் என்றோ, தன் பிழையை உணர்ந்து அழுதாள் என்றோ சொல்லவில்லை. விழித்தெழுந்தவளின் சினத்தை விரிவாகவே பாடுகிறான். தாலி ஏறிய பிறகும் அவள் அல்லியாகவே இருக்கிறாள். அதைத் தொடர்ந்து வழங்கும் பவளக்கொடிக் கதையில், மகன் புலந்திரன் கேட்ட பவளத் தேரைக் கொணரச் சென்ற கணவன் வேறொருத்தியை மணந்தபோது, அல்லியின் சினம் மீண்டும் மூள்கிறது. மூன்று தலைமுறைப் பெண்கள் திண்ணையில் அமர்ந்து இக்கதைகளைப் படிக்கக் கேட்டார்கள் என்றால், அந்தச் சினத்தில் அவர்களுக்கும் ஒரு பங்கு இருந்திருக்க வேண்டும்.

ஆனால் ஊர்வழக்கு அந்த நேர்மையைக் காக்கவில்லை. ஒரு பெண் பொறுப்பேற்று நடத்தும் அலுவலகத்தை 'அல்லி ராஜ்ஜியம்', 'அல்லி தர்பார்' என்று கேலி செய்வதற்கே அவளது பெயர் பயன்பட்டது. பாடலில் அவள் ஆட்சி கெட்ட ஆட்சி என்று எங்கும் இல்லை. பெண்ணின் ஆட்சி என்பதே குற்றச்சாட்டாகப் போதுமானதாயிற்று.

கதைப்பாடல் நாடகமாயிற்று. சங்கரதாஸ் சுவாமிகள் அல்லியையும் பவளக்கொடியையும் மேடைக்குக் கொண்டுவந்தார். மேடையிலிருந்து திரைக்குச் செல்வது அன்று ஓரடித் தூரமே, எம். கே. தியாகராஜ பாகவதரின் முதற்படம் 1934இல் வந்த 'பவளக்கொடி'தான். பின்னர் மேல்நாட்டு மூலமும் வந்து சேர்ந்தது. செருக்குள்ள பெண்ணை அடக்கும் ஷேக்ஸ்பியரின் இன்பியல் நாடகத்தைத் தழுவி 1963இல் 'அறிவாளி' வெளிவந்தது. சிவாஜி கணேசனும் பானுமதியும் நடித்தனர். எழுத்து, இசை, இயக்கம், படப்பிடிப்பு நிலையம் என அனைத்தையும் கையாண்டு, தன் விருப்பப்படியே வாழ்ந்த பானுமதி அம்மையார் அடக்கப்படும் பெண்ணாக நடித்தார் என்பதைப் போகிற போக்கில் குறித்துக்கொள்கிறோம்.

இவ்வரிசையில் நாம் சற்று நின்று பார்க்க வேண்டிய படம், 1972இல் பி. மாதவன் இயக்கிய 'பட்டிக்காடா பட்டணமா'. பெருவெற்றி பெற்ற படம். அவ்வாண்டின் சிறந்த தமிழ்ப்படத்திற்கான தேசிய விருதும் அதற்குக் கிடைத்தது. மூக்கையன் கிராமத்துச் செல்வர். கல்பனா இலண்டனில் படித்துத் திரும்பியவள். திருமணத்திற்குப் பின் கிராம வாழ்வுக்குள் அவளால் பொருந்த முடியவில்லை. நகரத்து நண்பர்களை அழைத்து ஆட்டமும் பாட்டமுமாக விருந்து நடத்துகிறாள். சாட்டையோடு வருகிறான் கணவன், விருந்தினரை அடித்து விரட்டுகிறான், மனைவியையும் அடிக்கிறான். அக்காட்சியில் அரங்கு அதிரக் கைதட்டல் எழுந்தது என்பது நம்மினும் மூத்தோர் பலரும் மகிழ்ச்சியோடு நினைவுகூரும் செய்தி.

கைதட்டியவர்களுள் பெண்களும் இருந்தார்கள். இதை மறைத்துப் பேசும் பெண்ணியத் திறனாய்வு முழுமையானதன்று. தன் வீட்டில் அடிவாங்கிய பெண், திரையில் இன்னொரு பெண் அடிவாங்கும்போது ஏன் மகிழ வேண்டும்? 'பழக்கதோஷம்' என்று சொல்லி நகர்ந்துவிடுவது எளிது. நம் எண்ணம் வேறு. கல்பனாவைக் கதாசிரியர் வெறும் பெண்ணாகப் படைக்கவில்லை. பணக்காரியாக, ஆங்கிலம் பேசுபவளாக, கிராமத்தாரை இகழ்பவளாகப் படைத்தார். அரங்கின் தரைப் பகுதியில் மணலைக் குவித்து அமர்ந்திருந்த கூலிப்பெண் கண்டது தன் இனத்தாள் அடிபடுவதையன்று. தன்னை ஏளனமாகப் பார்த்த வர்க்கம் அடிபடுவதை. அவளது சினம் நியாயமானது. அந்த நியாயமான சினத்தை எடுத்து, அது சேரவேண்டிய இடத்தில் சேர்க்காமல், ஒரு மனைவியின் முதுகில் சேர்த்துவிட்டது கதை. கல்பனாவின் செல்வத்திற்குக் காரணம் அவள் தந்தை. அவரது முதுகில் சாட்டை விழவில்லை. மூக்கையனும் ஏழையல்லன், அவனிடம் கூலி வாங்குவோர் நிலை என்ன என்று படம் கேட்கவில்லை.

இருபதாண்டு கழித்து வந்த 'மன்னன்' (1992) இத்தந்திரத்தை இன்னும் வெளிப்படையாகவே செய்தது. பி. வாசு இயக்கிய இப்படம் 1986இல் வந்த 'அனுராக அரளிது' என்ற கன்னடப் படத்தின் மறு ஆக்கம். விஜயசாந்தி ஏற்ற சாந்திதேவி ஒரு தொழிற்சாலையின் உரிமையாளர். ரஜினிகாந்த் ஏற்ற கிருஷ்ணன் அங்கே தொழிலாளர் தலைவன். இருவருக்கும் இடையே உள்ளது முதலாளி - தொழிலாளி பூசல். கூலியும் உரிமையும் பற்றியது. அதைப் பேச்சுவார்த்தையாலோ போராட்டத்தாலோ தீர்க்கலாம். படமோ இருவருக்கும் திருமணம் செய்து வைக்கிறது. திருமணத்திற்குப் பின் பூசலின் பெயர் மாறிவிடுகிறது: தொழிற்சாலையில் அது உரிமைப் போராட்டம், வீட்டில் அது பெண்டாட்டியின் திமிர். இறுதியில் சாந்திதேவி நிருவாகத்தை விட்டு இல்லத்தரசி ஆகிறாள், படமும் நிறைவுறுகிறது.

இப்போது நம் தாளை எடுத்துப் பார்ப்போம். தொடக்கத்தில் அவளிடம் இருந்தவை: தொழிற்சாலை, முடிவெடுக்கும் அதிகாரம், நடைமிடுக்கு, ஆணவம். இறுதியில் அவளிடம் இருப்பது: ஒரு பட்டம். ஆணவம் தீமை என்றால், ஆணவமற்ற முதலாளியாக அவள் தொழிலாளருக்கு நியாயமான கூலி கொடுத்து ஆலையை நடத்துவதாகக் கதையை முடித்திருக்கலாமே! அந்த முடிவு எவருக்கும் தோன்றவில்லை என்பதில்தான் கதையின் உள்நோக்கம் வெளிப்படுகிறது.

'படையப்பா' (1999) பற்றி நீளப் பேச வேண்டியதில்லை. வீட்டில் பணிவிடை செய்யும் அடக்கமான வசுந்தரா மனைவியாகிறாள். அடங்காத நீலாம்பரி பதினெட்டு ஆண்டுகள் ஓர் அறையில் தன்னையே அடைத்துக்கொண்டு, கடைசியில் தன்னையே மாய்த்துக்கொள்கிறாள். ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். ரம்யா கிருஷ்ணன் அப்பாத்திரத்தை ஏற்று நடித்த வலிமையால், தோற்றவளே படத்தின் உயிராகிவிட்டாள். இன்றும் இளம்பெண்கள் நினைவில் வைத்திருப்பது வசுந்தராவையன்று. அல்லியின் சினத்தைக் கேட்ட திண்ணைப் பெண்கள் இன்னும் எங்கோ இருக்கிறார்கள் போலும்.

திரையில் வீட்டுக்கு அனுப்பப்பட்ட அந்த இருவரும் வாழ்வில் வீட்டோடு நின்றுவிடவில்லை. சாந்திதேவியாக நடித்த விஜயசாந்தி 2009இல் மேடக் தொகுதியிலிருந்து மக்களவைக்குச் சென்றார். கல்பனாவாக நடித்தவரைப் பற்றி நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஜெயலலிதா 1991இல் தமிழக முதலமைச்சரானார். மீண்டும் மீண்டும் அப்பதவிக்கு வந்து, 2016இல் அப்பதவியில் இருக்கும்போதே மறைந்தார்.

அவரது ஆட்சியின்மேல் சொல்லத்தக்க குறைகள் பல உண்டு. சொத்துக் குவிப்பு வழக்கில் 2014இல் தனி நீதிமன்றம் அளித்த தீர்ப்பை அவரது மறைவுக்குப் பின் 2017இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அவற்றைச் சொல்வது குடிமக்களின் கடமை. ஆனால் மேடைகளிலும் வார இதழ்களின் கேலிச் சித்திரங்களிலும் அவர்மீது வீசப்பட்டவற்றுள் பெரும்பகுதி ஆட்சியைப் பற்றியதன்று. மணமாகாதவர் என்பதும், யாரோடு நடித்தார் என்பதும், உடையும் உடலும் பேசப்பட்டன. எம்.ஜி.ஆரையும் 'கூத்தாடி' என்று இகழ்ந்தவர்கள் உண்டு. எனினும் எந்தெந்த நடிகையரோடு ஆடினார் என்பது அவருக்கு இழுக்காகவில்லை, பெருமையாகவே இருந்தது. 1989 மார்ச் 25 அன்று சட்டப்பேரவையில் நிகழ்ந்த அமளியை இரு தரப்பினரும் இரு விதமாகக் கூறினர். எப்படிக் கூறினும், எதிர்க்கட்சித் தலைவர் ஒருவரைப் பற்றிய பேச்சு அவரது வாதங்களைப் பற்றியதாக இல்லாமல் அவரது சேலையைப் பற்றியதாக ஆயிற்று. மாற்றார் அடங்காப்பிடாரியைக் கண்டார்கள். அவரது ஆதரவாளர்களோ துரௌபதியைக் கண்டார்கள். அரசியல்வாதியைக் காணவே பலருக்குக் கண் இல்லை.

அவர் எவ்வாறு ஏற்றுக்கொள்ளப்பட்டார் என்பதும் கருதத்தக்கது. 'புரட்சித் தலைவி' என்ற பட்டம் சுவரொட்டிகளில் இருந்தது. மக்கள் வாயில் நின்றது 'அம்மா'. ஆளும் பெண்ணைத் தாயாக மாற்றிய பிறகே நம்மால் வணங்க முடிந்தது. அமைச்சர்கள் காலில் விழுந்தார்கள். அந்த வணக்கத்தால் மற்றப் பெண்களுக்குக் கிடைத்தது என்ன? 2021ஆம் ஆண்டுத் தேர்தலில் தமிழகச் சட்டப்பேரவையின் 234 இடங்களுள் பெண்கள் வென்றவை 12. நாடாளுமன்றத்திலும் சட்டமன்றங்களிலும் மூன்றில் ஒரு பங்கு இடத்தைப் பெண்களுக்கு ஒதுக்கும் மசோதா 1996 செப்டம்பரில் முதன்முதல் கொண்டுவரப்பட்டது. அரசமைப்புத் திருத்தமாக நிறைவேறியது 2023 செப்டம்பரில். இருபத்தேழு ஆண்டுகள்! நிறைவேறிய சட்டமும், மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் தொகுதி மறுவரையறையும் முடிந்த பின்னரே நடைமுறைக்கு வரும் என்று தன்னைத்தானே தள்ளிவைத்துக்கொண்டது.

உள்ளாட்சியில் நிலைமை வேறு. 1993இல் நடைமுறைக்கு வந்த 73ஆம் அரசமைப்புத் திருத்தம் மூன்றில் ஒரு பங்கைத் தந்தது. தமிழகம் 2016இல் அதை 50 விழுக்காடாக உயர்த்திச் சட்டம் செய்தது. பெண்கள் தலைவர்களானார்கள். பல ஊராட்சிகளில் மூக்கையன்களும் கூடவே வந்தார்கள். தேர்தலில் வென்றவர் மனைவி. நாற்காலியில் அமர்பவர் கணவர். கையெழுத்துக்கு மட்டும் தாள் வீட்டுக்குப் போகும். 'தலைவர் இருக்கிறாரா?' என்று கேட்டு வருபவரும் கணவரையே தேடுகிறார். இங்கே சாட்டை கிடையாது, மோதல் கிடையாது, எவரும் திருந்தவும் இல்லை. ஆனால் பொருள் கைமாறிவிட்டது. இந்நிலையிலும், இரண்டு மூன்று ஆண்டுகளில் கணக்குவழக்கைக் கற்றுக்கொண்டு, நாற்காலியைத் திரும்பப் பெற்ற பெண்கள் உண்டு. அவர்களைப் பற்றி எவரும் படமெடுக்கவில்லை.

நம் இல்லங்களுக்கு வருவோம். 'மணமகள் தேவை' விளம்பரங்களைப் படிப்பவர்கள் ஒரு தொடரை அறிவார்கள். கத்தோலிக்க இதழ்களும் இதற்கு விலக்கல்ல. 'படித்த, நல்ல வேலையில் உள்ள, அடக்கமான மணமகள் தேவை.' அல்லியின் படிப்பு வேண்டும், அல்லியின் வருவாய் வேண்டும், அல்லி மட்டும் வேண்டா. சம்பளம் வங்கியில் ஏறிய அன்றே பண அட்டையைக் கணவரிடமோ மாமியாரிடமோ ஒப்படைக்கும் ஆசிரியைகளை நம் அன்பியங்களில் காணலாம். அவர்களுள் எவரும் இதைக் கொடுமை என்று சொல்வதில்லை. 'வீட்டில் பிரச்சினை வேண்டாமே, சாமி' என்பார்கள். அவ்வளவே.

அதற்கு ஈடாகத் தரப்படும் பட்டம்தான் இல்லத்தரசி. இச்சொல்லைப் பாராட்டாகவே வழங்குகிறோம். ஆனால் அரசாணிக்குக் கருவூலம் இருந்தது, படை இருந்தது, ஆணை இருந்தது. இந்த அரசிக்கு? மைய அரசின் புள்ளியியல் அலுவலகம் 2019இல் நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வு ஒரு விடை தருகிறது. ஊதியமில்லா வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் அதில் நாளொன்றுக்குச் செலவிடுவது 299 நிமிடங்கள். அவ்வேலையில் ஈடுபடும் ஆண்கள் செலவிடுவது 97 நிமிடங்கள். அந்த 97ஐக் கேட்டுப் பெருமை கொள்ளும் ஆண்களும் இருப்பார்கள்.

இவ்வரசின் உள்நிலையை நமக்குக் காட்டிய எழுத்து அம்பையின் 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை'. அதே பெயரில் அமைந்த தொகுப்பு 1988இல் வெளிவந்தது. வடநாட்டுப் பெரிய வீடு. அதன் மூலையில் வெளிச்சமற்ற சமையலறை. அவ்வீட்டுக்கு மருமகளாக வந்த தமிழ்ப்பெண் சிறு மாறுதல்கள் செய்யலாமே என்கிறாள். வீடு அதிர்ந்துபோகிறது. அந்தச் சமையலறையின் ஆட்சிக்காகவே வாழ்நாளெல்லாம் போராடிய மாமியாரை அம்பை இகழவில்லை என்பதே கதையின் உயர்வு. வேறெந்த ஆட்சியும் கிடைக்காதவளுக்குக் கிடைத்த ஒரே ஆட்சி அது. தொலைக்காட்சித் தொடர்களின் மாமியார்கள் ஏன் அவ்வளவு கொடியவர்கள் என்பதற்கும் விடை அந்த மூலையில் இருக்கிறது. தொடர் எழுதுவோர் அங்கே சென்று பார்ப்பதில்லை.

நம் வாசகர்களுள் சிலர் இந்நேரம் புனித பவுலைத் துணைக்கு அழைத்திருப்பார்கள். திருமணத் திருப்பலிகளில் வாசிக்கப்படும் எபேசியர் ஐந்தாம் அதிகாரம், மனைவியர் பணிந்திருக்கச் சொல்கிறதே! சொல்கிறது. ஆனால் 22ஆம் வசனத்திற்கு முன் 21ஆம் வசனம் இருக்கிறது. அது எல்லாரையும் ஒருவருக்கொருவர் பணியச் சொல்கிறது. மிகப் பழைய கிரேக்கப் படிகள் சிலவற்றில் 22ஆம் வசனத்திற்குத் தனி வினைச்சொல்லே இல்லை. முன் வசனத்தின் வினையைக் கடன் வாங்கியே அது நிற்கிறது. எனவே முன்னதை விட்டுப் பின்னதை மட்டும் எடுத்தால் இலக்கணமும் கெடும். பெண்ணின் மாண்பு குறித்து 1988இல் எழுதிய திருத்தூது மடலில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுலும் இப்பணிவு இருபாலார்க்கும் உரியது என்றே விளக்கினார். சாட்டைக்கு இங்கே இடமில்லை.

அடக்கும் கதையை மறுத்த தமிழ்ப்படம் எது என்று கேட்டால் நாம் 1978இல் ருத்ரய்யா இயக்கிய 'அவள் அப்படித்தான்' படத்தைச் சொல்வோம். அதன் எழுத்தில் பங்கேற்ற வண்ணநிலவன், மணப்பாட்டுக் கத்தோலிக்க மீனவர் வாழ்வைக் 'கடல்புரத்தில்' நாவலாக்கியவர். அங்கும் பிலோமியைக் காதல் கைவிட்டபோது ஆசிரியர் அவளைக் கைவிடவில்லை. படத்தில் ஸ்ரீபிரியா ஏற்ற மஞ்சு விளம்பர நிறுவனத்தில் பணிபுரிபவள், முன்பு ஏமாற்றப்பட்டவள், எரிந்து விழுபவள். அவளைத் திருத்த ஒருவரும் இல்லை. பெண்களைப் பற்றி ஆவணப்படம் எடுக்கும் அருண் அவளைப் புரிந்துகொள்ள முயல்கிறான், தயங்குகிறான், பின் வேறொரு பெண்ணை மணந்து வருகிறான். நம் தாளில் எழுதிப் பார்த்தால், தொடக்கத்தில் மஞ்சுவிடம் இருந்த வேலையும் நாவும் தனிமையும் இறுதியிலும் அவளிடமே இருக்கின்றன. எதுவும் கைமாறவில்லை. அன்றைய அரங்குகளில் படம் வெற்றி பெறவில்லை என்பதில் வியப்பில்லை.

அதன் இறுதிக் காட்சியில் மஞ்சு, அருணின் புதுமனைவியிடம் பெண் விடுதலை பற்றிக் கேட்கிறாள். தனக்கு அதைப் பற்றித் தெரியாது என்கிறாள் அவள். அந்தத் தெரியாமையே அவளது மகிழ்ச்சிக்குக் காரணம் என்ற பொருளில் மஞ்சு ஒரு பதில் சொல்கிறாள். திறனாய்வாளர் பலரும் அந்தப் பதிலைப் பாராட்டி எழுதியிருக்கிறார்கள். அண்மையில் நம் பங்கின் கல்லூரிப் பெண்கள் சிலரோடு இப்படத்தைப் பார்த்தபோது அவர்கள் அப்பதிலில் நிற்கவில்லை. அந்தப் புதுமனைவியைப் பற்றியே நெடுநேரம் பேசினார்கள். அவளை மஞ்சு அப்படிப் பேசியது சரியில்லை என்றாள் ஒருத்தி. எதைப் பற்றியாவது அவள் கருத்தை அதற்குமுன் யாரேனும் கேட்டிருப்பார்களா என்று கேட்டாள் மற்றொருத்தி.